மூன்றாவது ஜோடி இலை

ஹாமில்டன்
மார்ச் 6, 2022

அன்புள்ள அண்ணனுக்கு,

நம் ஆற்றுக்கும், மேட்டுக் கல்லறையில் படுத்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் முதலில் வணக்கம். பிறகு உனக்கு. முட்டி எப்படி இருக்கிறது? மழைக்கு முன்னால் கூரைத் தகரத்தை மாற்றப் போவதாகச் சொன்னாயே, மாற்றினாயா? நான் சௌக்கியம். போன குளிரில் பிடித்த இருமல் இப்போது இல்லை.

ஒரு சேதி. கம்பெனியில் நாற்றுப் பிரிவு முழுவதையும் என் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். ஜன்னல் இல்லாத பெரிய அறை. சுவர், தரை, கூரை எல்லாம் வெள்ளை. பதினெட்டு மணி நேரம் விளக்கு, ஆறு மணி நேரம் இருட்டு. உள்ளே போகும்முன் கையைக் கழுவி, நீலத் தொப்பி போட்டு, செருப்பையும் மாற்ற வேண்டும். தட்டுத் தட்டாக இரண்டாயிரம் கஞ்சா நாற்றுகள். எல்லாம் மருந்துக்கு.

அதில் ஒரு ரகம் மட்டும் எங்களைப் பாடாய்ப் படுத்துகிறது. மூன்றாவது ஜோடி இலை விடும்போது இரண்டு இலையும் மேல்நோக்கி மடிந்து, நுனி முறுக்கிக்கொள்கிறது. தண்டின் அடி ஊதாவாகிறது. ஆக்லாந்திலிருந்து வந்த நிபுணர் வைரஸ் என்கிறார். உரத்தைக் கூட்டிப் பார்த்தோம். இரண்டு தடவை போட்டதையும் மொத்தமாகக் கொட்டினோம்.

உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. அவசரம் ஒன்றும் இல்லை. நீ ஃபோன் வைத்துக்கொண்டால் இதை ஐந்து நிமிடத்தில் பேசியிருக்கலாம். சொன்னால் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை,
மெரேயானா


ஹொக்கியாங்கா
மார்ச் 20, 2022

மெரே,

ஆறு நலம். மேட்டில் இருப்பவர்கள் நலம். முட்டி முட்டியாகத்தான் இருக்கிறது.

ஃபோனைப் பற்றி இனி எழுதாதே. நான் ஃபோனில் பேசியதையெல்லாம் டேப்பில் பிடித்து, கோர்ட்டில் ஒரு வக்கீல் மூக்கால் வாசித்தான். அம்மாவிடம் விலாங்கு மீன் புகை போட்டாயிற்றா என்று கேட்டதைக்கூட வாசித்தான். அன்றோடு முடிந்தது.

உன் பதவி உயர்வுக்குச் சந்தோஷப்படத்தான் பார்க்கிறேன். வரவில்லை. ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி, நான்கு டியூப்லைட், ஒரு மேசை விசிறி. அதற்குள் அறுபது நாற்று வைத்திருந்ததற்கு எனக்கு மூன்றரை வருஷம். நீ இரண்டாயிரம் வைத்திருக்கிறாய், உனக்கு நீலத் தொப்பி. போன வருஷம் உங்கள் கம்பெனிக்கு வெளிவேலி போட ஆள் தேவை என்று பேப்பரில் பார்த்து எழுதினேன். செடியைத் தொடுகிற வேலை இல்லை. வெளியே கம்பி இழுத்துக் கட்டுகிற வேலை. போலீஸ் பதிவு உள்ளவர்களை எடுப்பதில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. உனக்குச் சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது.

நீ சொல்கிற மாதிரி இலை மடிக்கிற செடி எனக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு. உன் செடி எந்த ரகம், விதை எங்கிருந்து வந்தது என்று நீ எழுதவில்லை. முதலில் அதை எழுது. மீதியைப் பிறகு பார்ப்போம்.

எருவேரா


ஹாமில்டன்
ஏப்ரல் 10, 2022

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. இத்துடன் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை வைத்திருக்கிறேன். ஒன்றை உடனே போட்டுக்கொள். மற்றதை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே.

வேலி வேலைக்கு நீ எழுதியது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

இங்கே விதைக்குப் பெயர் கிடையாது, எண்தான். இது பதினேழாம் எண். எங்கிருந்து வந்தது என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். லைசென்ஸ் சமாசாரம். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

மூன்றாம் தடவையும் போகிறது அண்ணா. எங்கள் மேனேஜர் டங்கன் நேற்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. இதுவும் செத்தால் இந்த ரகத்தை விட்டுவிட்டு என் பிரிவையும் மூடிவிடுவார்களாம். பதினான்கு மாதம் உழைத்தது போய்விடும். உனக்குத் தெரிந்ததைச் சொல். எனக்காகச் சொல்.

அன்புடன்,
மெரே


ஹொக்கியாங்கா
ஏப்ரல் 24, 2022

மெரே,

காலுறை வந்தது. போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உனக்காக இல்லை, அந்த நாற்றுகளுக்காகச் சொல்கிறேன். அவை யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. அது நோயே இல்லை. இரண்டு பக்கமும் மலை நிற்கிற, அரை நாள் வெயில் மட்டும் படுகிற பள்ளத்தில் வளர்ந்து பழகிய செடி அது. பலத்த வெளிச்சத்தைக் கண்டால் மூன்றாவது ஜோடியை மடித்துக்கொள்ளும். ஒன்பது நாள், பத்து நாள். பிறகு தானாக விரிக்கும். விளக்கை உயரத் தூக்கு. தண்ணீரைப் பாதியாக்கு. உரத்தை நிறுத்து. பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா நில். உங்கள் நிபுணர் வைரஸ் என்று சொல்லிச் சொல்லி ஊட்டிக் கொன்றிருக்கிறார்.

எப்படித் தெரியும் என்று டங்கன் கேட்டால், அதை உருவாக்க எனக்குப் பதினான்கு வருஷம் ஆயிற்று என்று சொல். வருஷா வருஷம் நூறு போட்டு, நல்லதாக நாலு எடுத்து, மறுபடி நூறு போட்டு. நம் வைரேகா ஓடைப் பள்ளத்தில். அந்த மடிப்பு உலகத்தில் வேறெந்தச் செடிக்கும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இந்தத் தீவில் கிடையாது.

ஜெயிலில் பார்வையாளர் அறையில் நீ எனக்கு எதிரே உட்கார்ந்து சொன்னது நினைவிருக்கிறதா? விதை டப்பாவைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போட்டு எரித்துவிட்டேன் என்றாய். வாசனை தெரியாமல் இருக்க மேலே ஒரு டயரையும் போட்டு எரித்தேன் என்றாய். டயர் வரைக்கும் சொன்னாய்.

எரித்தாயா?

எருவேரா


ஹாமில்டன்
ஜூலை 3, 2022

அன்புள்ள அண்ணனுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு வருத்தப்படுகிறேன். வேலை கழுத்துக்கு மேல். மழையில் ஊர்ப் பாதை அடித்துக்கொண்டு போனதாக ரேடியோவில் கேட்டேன். நம் பக்கம் பாதிப்பு இல்லையே?

நீ சொன்னபடியே செய்தோம். ஒன்பதாம் நாள் காலை விளக்கு எரிந்ததும் போய்ப் பார்த்தேன். தட்டு முழுக்க இலைகள் விரிந்து நின்றன. ஒன்றுகூடச் சாகவில்லை. டங்கன் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். என் பிரிவு பிழைத்தது. நன்றி அண்ணா.

நம் புத்தாண்டைத் தொடங்கிவைக்கும் மாத்தாரிகி விண்மீன்கள் எழுந்த அன்று நம் வீட்டுப் பெரியவர்கள் பெயரைச் சொல்லித் தனியாக நின்று கும்பிட்டேன். இங்கே யாரும் துணைக்கு இல்லை.

நீ கேட்டதை நேரில் பேசுவோம். இப்போது இங்கே வராதே. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்துபோகிறார்கள், உன்னோடு இருக்க எனக்கு நேரம் இருக்காது. டிசம்பரில் நானே வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மெரே


ஹொக்கியாங்கா
ஆகஸ்ட் 14, 2022

மெரேயானாவுக்கு,

நலம் விசாரிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை நீ நலமாக இருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

முட்டிக்கு ஊசி போட நம் ஊர் கிளினிக்குக்குப் போனேன். பெஞ்சில் பளபளவென்று ஒரு புத்தகம் கிடந்தது. உங்கள் கம்பெனியுடையது. திறந்தால் ஒரு முழுப் பக்கத்துக்கு வைரேகா என்று தலைப்பு. விரைவில் வரப்போகும் மருந்து எண்ணெயாம். ‘ஹொக்கியாங்கா மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்த செடியிலிருந்து எங்கள் விஞ்ஞானிகள் உருவாக்கியது’ என்று போட்டிருந்தது. கீழே ஒரு ஆற்றுப் படம். நம் ஆறுகூட இல்லை அது. ஏதோ தெற்குத் தீவு ஆறு.

நர்ஸ் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஊசி போட்டுக்கொள்ளாமலே எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பி மூன்று பஸ் மாறி உங்கள் கேட்டுக்கு வந்தேன். ஒரு சமோவாக்காரப் பையன் காவலுக்கு நின்றான். மலை மாதிரி உடம்பு, குழந்தை மாதிரி குரல்.

“யாரைப் பார்க்கணும் மாமா?” என்றான்.

“என் தங்கச்சிய. நாத்துப் பிரிவுல இருக்கா.”

அடையாள அட்டையைக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினான். அவன் முகம் மாறிவிட்டது. “தப்பா நெனச்சுக்காதீங்க மாமா. உள்ள விடக்கூடாதவங்க லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு.”

“எப்ப ஏத்துனாங்க?”

“மே மாசம்.”

மே மாதம், மெரே. நான் வைத்தியம் எழுதி அனுப்பியது ஏப்ரல் கடைசியில்.

அவன் நல்ல பையன், உள்ளே ஃபோன் பண்ணினான். கேட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான். “உங்களைக் கேமராவுல பார்த்துட்டாங்க மாமா. மீட்டிங்ல இருக்காங்களாம்.”

இரண்டு மணி நேரம் நின்றேன். தூறல். பையன் தன் சாப்பாட்டில் பாதியைப் பிட்டுக் கொடுத்தான். ஜெயிலில் வாசல் பக்கம் முகம் திருப்பி உட்கார்ந்து அம்மாவுக்காகக் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் திரும்ப வந்தன. அவளும் வரவில்லை. கேட்டுக்கு நீயும் வரவில்லை.

இனி எனக்குக் காலுறை அனுப்பாதே.

எருவேரா


ஹாமில்டன்
ஆகஸ்ட் 21, 2022

அண்ணா,

மீட்டிங் இல்லை. திரையில் உன்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ போகிற வரைக்கும்.

விதையை எரிக்கவில்லை.

மெரே


ஹாமில்டன்
செப்டம்பர் 18, 2022

அண்ணா,

நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. படிக்காமல் கிழித்தாலும் சரி, எழுதிவிடுகிறேன்.

வைத்தியம் பலித்ததும் இது யாருக்குத் தெரிந்தது என்று டங்கன் கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் உன் பதிவைத் தேடிப் பார்த்து அந்த லிஸ்டில் ஏற்றினார். உனக்கும் செடிக்கும் உள்ள தொடர்பு வெளியே தெரிந்தால் லைசென்ஸுக்கு ஆபத்து என்றார். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

விதையைக் கொடுத்ததும் நான்தான். கம்பெனி தொடங்கிய புதிதில், நாட்டு விதை யாரிடமாவது இருந்தால் கணக்கில் காட்டிக் கொண்டுவரலாம், எங்கிருந்து என்று கேட்க மாட்டோம் என்று சட்டமே சொன்னது. டப்பாவைக் கொடுத்தேன். பெயர் கேட்டார்கள், ஓடையின் பெயரைச் சொன்னேன். அந்த வாரம்தான் எனக்கு வேலை கிடைத்தது.

இனி சொல்லப்போவதை எட்டு வருஷமாகச் சொல்லவில்லை.

நீ உள்ளே போன அடுத்த மாதம் அம்மாவுக்கு எலும்பில் கேன்சர் என்று தெரிந்தது. உனக்கு வயதின் வலி என்று மட்டும்தான் சொன்னோம். ஆஸ்பத்திரி மருந்து குடித்தால் வாந்தி, குடிக்காவிட்டால் கத்தல். ஒரு நாள் கஞ்சியை வைத்தேன், தள்ளிவிட்டாள்.

“அவன் செடி விதை எதாவது மிச்சம் இருக்கா?” என்று கேட்டாள்.

“எரிக்கச் சொன்னான்மா.”

“எரிச்சியா?”

“இல்ல.”

“அப்ப போடு.”

கோர்ட்டில் உன்னைத் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்த அம்மாதான் சொன்னாள். அவளுடைய துணி அலமாரியைக் காலி செய்தேன். சமையலறை டியூப்லைட்டைக் கழற்றி அதற்குள் மாட்டினேன். இரண்டு மாதம் சமையலறையில் பகலிலேயே சமைத்து முடித்துக்கொண்டோம். இரண்டு செடி. அம்மா நாற்காலியை அலமாரி எதிரே இழுத்துப் போட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு டியூப்லைட் வெளிச்சத்தில் இலை மடியவே இல்லை. அதனால்தான் இங்கே மடிந்தபோது எனக்குப் புரியவில்லை. அல்லது நீயே கண்டுபிடிக்கட்டும் என்றுதான் உனக்கு எழுதினேனோ, எனக்கே தெரியவில்லை.

கடைசி மூன்று மாதம் அம்மா தூங்கினாள். சாப்பிட்டாள். பாடக்கூடச் செய்தாள்.

உனக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டாள். “சொல்லாத. சொன்னா தான் செஞ்சது சரின்னு நெனச்சுக்குவான். வெளிய வந்து மறுபடி போடுவான், மறுபடி உள்ள போவான்.” சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

உன்னைப் பார்க்க வராதது கோபத்தால் இல்லை. அந்த உடம்போடு உன் முன்னால் உட்கார்ந்தால் உனக்குத் தெரிந்துவிடும் என்பதால்.

மெரே


ஹொக்கியாங்கா
அக்டோபர் 9, 2022

மெரே,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மேட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு கத்தினேன். பக்கத்துப் பண்ணைக்காரன் மாடு ஏதோ முட்டிவிட்டது என்று கம்போடு ஓடி வந்தான்.

எட்டு வருஷம். அம்மா என்னை வெறுத்துக்கொண்டே செத்தாள் என்று நினைத்திருந்தேன். அதில் ஆறு வருஷம் அவள் கட்டிலில் படுத்து, அவள் தட்டில் சாப்பிட்டு, அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று நாள் அவளைக் கூடத்தில் கிடத்தி ஊரே உட்கார்ந்து அழுதது. ஜெயிலிலிருந்து எனக்கு அனுமதிக் காகிதம் நாலாம் நாள் வந்தது. ஜெயில் அறையில் நான் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டபோது, அவள் நிம்மதியாகத் தூங்கித்தான் போனாள், உன் செடியால் தூங்கினாள் என்று ஒரு வரி வந்திருந்தால் போதும். ஒரு வரி. நீங்கள் இருவரும் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து என்னை உயிரோடு புதைத்தீர்கள். செத்தவளோடு சண்டை போட முடியாது. அதனால் அவளுடையதையும் சேர்த்து உன்னோடு போடுகிறேன்.

நான் மறுபடி போடுவேன் என்றாளாம். வெளியே வந்து ஆறு வருஷமாகிறது. ஒரு விதை போடவில்லை. வேலிக் கம்பிதான் இழுக்கிறேன். அது அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

கைகோஹே டவுன் நூலகத்தில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் தேடிக் காட்டினாள். அந்த ரகத்துக்கு உரிமை கேட்டு உங்கள் கம்பெனி அரசாங்கத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறது. ‘உருவாக்கியவர்’ என்று ஒரு கட்டம். அதில் டங்கனின் பெயர். அவருக்கு வைரேகா ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியுமா?

உன் மன்னிப்பு எனக்கு வேண்டாம். அவர்கள் பணமும் வேண்டாம். அந்தக் கட்டத்தில் யார் பெயர் இருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்றால் போதாது, நான் குற்றவாளி, என் வார்த்தை எடுபடாது. நீ சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு எழுது. இல்லையென்றால் எழுதாதே.

எருவேரா


ஹாமில்டன்
நவம்பர் 13, 2022

அண்ணா,

எழுதலாம் என்ற தகுதி வந்த பிறகு எழுதுகிறேன்.

டங்கனிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அமைதியாகக் கேட்டார்.

“எனக்குப் புரியுது மெரே. ஆனா ஜெயிலுக்குப் போனவர் பேரு போட்ட மருந்தை எந்த டாக்டர் எழுதிக் கொடுப்பார்?”

“அவர் எதுக்கு ஜெயிலுக்குப் போனார்? இதே செடிக்குத்தானே.”

“அதுதானே பிரச்சினை. ஹொக்கியாங்கா மக்கள்னு போட்டிருக்கோமே. அதுல உங்க அண்ணனும் வர்றார்தானே.”

“ஜெயிலுக்கு ஹொக்கியாங்கா மக்கள் போகல. அவர் ஒருத்தர்தான் போனார்” என்றேன்.

மத்தியானம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போய் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உரிமை அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று. நகல் இத்துடன். யார் உருவாக்கியது, எத்தனை வருஷம், எந்தப் பள்ளத்தில், விதை என் கைக்கு எப்படி வந்தது எல்லாம் இருக்கிறது. அலமாரியும் இருக்கிறது. அதை விட்டுவிடலாம், உங்களுக்கே ஆபத்து என்று வக்கீல் சொன்னார். விடவில்லை. அலமாரி இல்லாவிட்டால் விதையை ஏன் வைத்திருந்தேன் என்பதற்குப் பதில் இல்லை.

இந்த மாதம் முடியும்வரை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கேட்டில் உன் பெயருக்குக் கீழே என் பெயரும் ஏறும்.

மெரே


ஹாமில்டன்
டிசம்பர் 4, 2022

அண்ணா,

நல்ல சேதி இல்லை. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

கம்பெனி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உன் பெயரைப் போடுவதைவிட அந்த ரகமே இல்லாமல் போவது மேல் என்று போர்டில் முடிவு செய்துவிட்டார்கள். சர்ச்சையுள்ள செடியை வைத்திருக்க முடியாது என்று ஒரே பத்தியில் கடிதம். பதினேழாம் எண்ணை முழுவதுமாக அழிக்க உத்தரவு. பொறுப்பாளர் நான்தானே, நான்தான் செய்ய வேண்டும். கடைசி வாரத்து வேலை எனக்கு அது.

செவ்வாய்க்கிழமை காலை. இரண்டு சாட்சிகள் கையில் பலகையோடு நின்றார்கள். தாய்ச்செடிகளை முதலில் வெட்டினேன். பிறகு நாற்றுகள். ஒவ்வொரு தட்டாக எண்ணி, எடை போட்டு, அரைக்கிற இயந்திரத்தில் போட்டு, ப்ளீச் ஊற்றி. மிச்சமிருந்த விதையையும் போட்டேன். சாட்சிகளில் ஒருத்தி இளம் பெண். நான் அழுகிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. கோபத்தில் கண்ணீர் வராது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கத்திரிக்கோலை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன், உள்ளங்கை இன்னும் கன்றிப்போய் இருக்கிறது.

ஒரு நாற்றையாவது சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்திருப்பேன் என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன். போடவில்லை. வாசலில் சோதனை. பிடிபட்டால் உன்னிடம்தான் வருவார்கள்.

பதினான்கு வருஷம் நீ செய்ததை நான் பதினொரு மணிக்குள் முடித்துவிட்டேன். கேட்டைத் தாண்டும்போது அந்தச் சமோவாக்காரப் பையன் எழுந்து நின்றான்.

இந்த அறை கம்பெனி கொடுத்தது. பதினைந்தாம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று முடிவாகவில்லை. புது முகவரி கிடைத்ததும் எழுதுகிறேன். நீ பதில் போட வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

முட்டிக்கு ஊசி போட்டுக்கொள்.

மெரே


ஹொக்கியாங்கா
டிசம்பர் 8, 2022

மெரே,

இங்கே எல்லோரும் நலம். ஊசி போட்டுக்கொண்டேன்.

உன் வாக்குமூலம் வந்த அன்று தபால் வண்டிக்காரியே உறையைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூடத்தில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு எழுந்து நின்று சத்தமாகப் படித்தேன். அலமாரி வருகிற இடத்தில், கோர்ட்டுக்கு வந்திருந்த கிழவர்களில் ஒருவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

முத்திரை குத்திய காகிதத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் குற்றவாளி என்ற சொல் இல்லாமல் நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ‘உருவாக்கியவர்’ என்று இருக்கிறது. அந்தக் காகிதத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன்.

அதன் பிறகு உன் இன்னொரு கடிதம் வந்தது. அழித்த நாளைப் பற்றி நீ எழுதியதை இரண்டாம் தடவை படிக்கவில்லை. அதை உன் கையால் செய்ய வைத்தார்களே, அதற்காக அந்த டங்கனின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருக்கிறது. உன் கழுத்தையும்தான். நீ டப்பாவைக் கொடுக்காமல் இருந்திருந்தால் செடி இருந்திருக்கும். எரித்திருந்தால் அம்மா கத்திக்கொண்டே செத்திருப்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. கேட்டில் என்னை நிற்க வைத்ததற்கு உன்னை மன்னிக்கவில்லை. எட்டு வருஷத்துக்கும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதி உன்னை ஏமாற்ற மாட்டேன்.

புது முகவரி கிடைத்ததும் எழுதுகிறாயாம். என்ன புது முகவரி. அம்மா வீடு என் ஒருவனுக்கு எழுதி வைத்ததில்லை.

பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை. காலை பஸ்ஸில் ஏறினால் சாயங்காலம் கைகோஹே வந்துவிடலாம். அங்கே வண்டியோடு நிற்பேன். உன் பெட்டியைத் தூக்கி வைப்பேன். வழியில் உன்னோடு பேச மாட்டேன். வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நாள் பேசுவேன் என்று தோன்றவில்லை. சோறு போடுவேன், படுக்கை இருக்கும். அதைத் தாங்கிக்கொள்வாய் என்றால் வா.

எருவேரா